ஓடுகிற வாட்ச்சுக்கு எதற்கு சர்வீஸ்?

லண்டன் கிரீன்விச்சில் உள்ள ராயல் வானாய்வகத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் செய்த கடல் கடிகாரங்கள் நான்கு பார்வைக்கு இருக்கின்றன. முதல் மூன்றும் ஓடுகின்றன. பெயர் வாங்கியது நான்காவதுதான். 1759இல் முடிந்தது, 13 சென்டிமீட்டர் அகலம், பார்க்கப் பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி இருக்கும். 1761இல் ஹாரிசனின் மகன் அதை எடுத்துக்கொண்டு ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். 81 நாள் பயணம் முடிந்து சரிபார்த்தபோது அது பிந்தியிருந்தது சுமார் 5 விநாடிதான். அந்த வாட்ச் இன்று ஓடவில்லை. பழுது ஒன்றும் இல்லை, சாவி கொடுத்தால் ஓடும். கொடுக்க வேண்டாம் என்று தீர்மானித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

காரணம் எண்ணெய். ஹாரிசன் தச்சு வேலையிலிருந்து கடிகாரத்துக்கு வந்தவர். அந்தக் காலத்து எண்ணெயை அவர் நம்பவில்லை. அதனால் முதல் மூன்று கடிகாரங்களிலும் உராய்வைக் குறைக்கும் உருளைகளை வைத்தும், இயற்கையாகவே பிசுக்குள்ள மரத்தைப் பயன்படுத்தியும் எண்ணெய்க்கே வேலை இல்லாமல் செய்துவிட்டார். நான்காவதைச் சிறிதாக்கியபோது அந்த வசதி போயிற்று. எஃகும் கல்லும் உரசும் இடத்தில் எண்ணெய் விட்டே ஆகவேண்டும். விட்ட எண்ணெய் ஒருநாள் கெடும். கெட்ட பிறகும் ஓடவிட்டால் உறுப்பு தேயும். தேயாமலிருக்கச் சில ஆண்டுகளுக்கொரு முறை முழுக்கக் கழற்ற வேண்டும், ஈடு இணையில்லாத ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் கழற்றுவதில் எப்போதும் ஆபத்து உண்டு. ஆகவே நிறுத்திவிட்டார்கள்.

அருங்காட்சியகத்துக்கு அது சரி. கையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அப்படி நிறுத்தி வைக்க முடியாது.

நம் வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஹெச்.எம்.டி. வாட்ச்சை வைத்துத்தான் வரும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய உற்பத்தி. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று வரிசையாக வந்த மாடல்கள். பரீட்சையில் பாஸானதற்கு, கல்யாண மாப்பிள்ளைக்கு, ரிடையர்மென்ட்டுக்கு என்று கொடுத்தவை. அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன வாட்ச் பீரோவிலிருந்து வெளியே வரும், நாலு சுற்று சாவி கொடுத்தவுடன் டிக்டிக்கென்று ஓடத் தொடங்கும். “நாப்பது வருஷமா யாரும் தொறந்ததே இல்ல. பாருங்க, எப்படி ஓடுது!” என்று பெருமையாகச் சொல்வார்கள். விவரம் தெரிந்த ரிப்பேர்க்காரருக்கு அதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். வாட்ச் நிற்காமல் ஓடுகிறது என்பது அதன் ஆரோக்கியத்துக்குச் சாட்சி ஆகாது. உள்ளே எண்ணெய் தீர்ந்த பிறகும் அது மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஓடும். சேதமெல்லாம் நடப்பது அந்தக் காலத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த வாட்ச்சுகளில் இங்குமங்கும் வீசி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 முறை அடிக்கிறது, அதாவது விநாடிக்கு 5. நாளொன்றுக்கு 4,32,000. ஓராண்டுக்குச் சுமார் 15 கோடியே 77 லட்சம். அந்தச் சக்கரத்தைத் தாங்குகிற எஃகு அச்சின் நுனி கிட்டத்தட்ட பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன், தலைமுடியைவிடக் கொஞ்சம் கூடுதல். வாட்ச் நல்ல நிலையில் இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் சக்கரம் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று சுழலும். பெருக்கிப் பார்த்தால், அந்த நுனியின் மேற்பரப்பு தன் துளைக்குள் நாளைக்கு 200 மீட்டர் உரசுகிறது. ஆண்டுக்கு 74 கிலோமீட்டர்! சென்னையில் கிளம்பினால் காஞ்சிபுரம் போய்ச் சேரலாம். அவ்வளவு தூரத்துக்கும் அதற்குத் தரப்படுவது வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு துளி எண்ணெய்.

டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து உள்ளே ரத்தினம் இருப்பதாக நினைத்து விற்கப் போனவர்கள் உண்டு என்பார்கள். ரத்தினம் இருக்கிறது, விலைதான் இல்லை. பிரெஞ்சு வேதியியலாளர் ஆகஸ்ட் வெர்னாய் 1902இல் வெளியிட்ட முறையில், அலுமினா பொடியை உலைச்சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்ய முடிந்ததிலிருந்து இந்தக் கற்கள் மலிந்துவிட்டன. பேலன்ஸ் வீலுக்கு மேலும் கீழுமாக நான்கு, அதோடு சேர்ந்து சுழலும் சிறு முளை ஒன்று, சக்கரத் தொடரைத் தடுத்துத் தடுத்து விடுகிற பேலட் கவையின் இரு நகங்கள், மீதி அச்சுகள் ஐந்துக்கும் ஜோடி ஜோடியாகப் பத்து. ஆகப் பதினேழு. கடினமான, கண்ணாடிபோல வழவழப்பான கல்லில் மெருகேற்றிய எஃகு சுழலும்போது உராய்வு மிகக் குறைவு. நடுவில் எண்ணெய்ப் படலம் இருக்கும் வரைக்கும்தான் இந்தக் கதை.

பேலன்ஸ் வீல் அச்சின் ஒவ்வொரு நுனியிலும் இருப்பது இரண்டு கல். ஒன்றில் துளை, அதன்மேல் மூடிபோலத் தட்டையான இன்னொன்று. துளைக்கல்லின் மேற்புறம் லேசாகக் குவிந்திருக்கும். மூடிக்கல் அதன் உச்சியை ஒட்டி உட்கார்ந்திருக்கும். நடுவில் மிக ஒடுங்கியும் ஓரம் போகப் போக அகன்றும் இருக்கிற இந்த இடைவெளிக்குள் விட்ட எண்ணெயை நுண்புழை விசை நடுவுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. வாட்ச்சைத் தலைகீழாக்கினாலும் கையை வீசி நடந்தாலும் துளி நகராது. சரியாக விட்டிருந்தால், மூடிக்கல் வழியே லென்ஸில் பார்க்கும்போது கல்லின் அகலத்தில் பாதிக்கு மேல் ஒரு தெளிவான வட்டம் தெரியும். வட்டம் தெரியவில்லை என்றால் எண்ணெய் இல்லை. கல்லின் ஓரத்தைத் தொட்டுவிட்டால் அதுவும் கெடுதல்தான், ஏனென்றால் வெளியே கசிய வழி பிறந்தால் துளி முழுவதும் அந்தப் பக்கம் போய்விடும். ‘கொஞ்சம் கூடத்தான் விடுவோமே’ என்கிற தாராளம் இந்தத் தொழிலில் பலிக்காது.

எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணெயும் ஆகாது. மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பா ஒரு சுற்றுச் சுற்ற ஏழு மணி நேரம் அளவில் எடுத்துக்கொள்கிறது. சங்கிலித் தொடராக மூன்று சக்கரம் தாண்டி, கடைசியில் உள்ள எஸ்கேப் வீல் 6 விநாடிக்கு ஒரு சுற்று. வேகம் நாலாயிரம் மடங்கு ஏறுகிறது, திருப்பும் விசை அதே அளவில் இறங்குகிறது. ஆகவே ஒரு முனையில் மெதுவாக, பெரும் அழுத்தத்தோடு நகர்கிற அச்சு. அதற்குக் கெட்டியான எண்ணெயும் கிரீஸும் வேண்டும். மறுமுனையில் பலமே இல்லாமல் பறக்கிற அச்சு; கெட்டி எண்ணெய் விட்டால் அதை இழுக்கவே அதற்குத் தெம்பிருக்காது. பேலட் நகங்களுக்கென்று தனியாக ஒரு கிரீஸ் உண்டு. சும்மா இருக்கும்போது இறுகியிருந்து, பல் வந்து மோதுகிற கணத்தில் மட்டும் இளகுகிற வகை. சக்கரப் பற்களுக்கும், பேலன்ஸ் வீலைத் திரும்ப இழுக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்குக்கும் எண்ணெயே கூடாது.

இனி எண்ணெய் எப்படிக் கெடுகிறது என்பது. அது படர்ந்து தன் இடத்தை விட்டுப் போகலாம், ஆவியாகலாம், காற்றோடு வினைபுரிந்து பிசினாகலாம். பித்தளையோடு சேர்ந்து பச்சைப் பாசிபோல ஆவதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் உயர்ந்த வாட்ச் எண்ணெய் என்பது டால்பின் வகைக் கடல் விலங்குகளின் தாடைக் கொழுப்பிலிருந்து எடுத்தது. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் வில்லியம் நை இதை வைத்தே பெரிய வியாபாரம் நடத்தினார். பின்னால் செயற்கை எண்ணெய்கள் வந்தன. இவை பழையவற்றைவிட நெடுநாள் தாங்கும், பிசினாவதும் குறைவு.

இந்த முன்னேற்றத்தில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. பழைய விலங்கு எண்ணெய் கெட்டால் இறுகி, வாட்ச்சையே நிறுத்திவிடும். சொந்தக்காரர் வேறு வழியில்லாமல் கடைக்கு எடுத்துப் போவார். நவீன எண்ணெய் சத்தம் போடாமல் வற்றுகிறது. பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாததால் காய்ந்த கல்லில் காய்ந்த எஃகு தொடர்ந்து சுழலும். எண்ணெய் தரமானதாக ஆக ஆக, எச்சரிக்கை மணி மட்டும் போய்விட்டது.

காய்ந்த பிறகு என்ன ஆகும்? கல்லுக்குள் எஃகு உரசி உதிரும் நுண்துகள்கள் காற்றுபட்டு இரும்பு ஆக்சைடு ஆகின்றன. கல்லைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் ஒரு பொடி தெரியும். ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறந்ததும் முதலில் தேடுவது இந்தச் சிவப்பைத்தான். இரும்பு ஆக்சைடு மெருகேற்றும் தொழிலிலேயே பயன்படுகிற பொருள், அதாவது அது சும்மா கிடக்கிற குப்பை அன்று, தானும் சேர்ந்து அராவும். நுனியில் வரி விழும், பள்ளம் விழும், உருளையாக இருந்தது கூம்பாகும்.

பித்தளையும் எஃகும் சேர்ந்து ஓடுகிற இடத்தில் நடப்பது இன்னும் விசித்திரம். பெரிய சக்கரங்களின் பற்கள் மிருதுவான பித்தளை, அவை திருப்பும் சிறு பல்லிணைகள் கடினமான எஃகு. இரண்டில் எது முதலில் தேயும் என்று கேட்டால் யாரும் பித்தளை என்பார்கள். பழைய கடிகாரங்களைத் திறந்து பார்த்தால் எஃகில்தான் குழி விழுந்திருக்கும், பித்தளைப் பல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். தூசியின் கடினத் துணுக்குகள் மிருதுவான பித்தளையில் பதிந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. பித்தளைப் பல் உப்புக்காகிதம்போல ஆகி எஃகை அராவத் தொடங்குகிறது. அழுக்கைக் கழுவுவது சர்வீஸில் பாதி வேலையாக இருப்பது இதனால்தான்.

சரி, இதெல்லாம் நேரத்தில் தெரியாதா? தாமதமாகத்தான் தெரியும். நாளைக்கு ஒரு நிமிடம் பிந்துகிற வாட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 86,400 விநாடி. அதில் 60 தவறினால் மிச்சம் 99.93 சதவீதம் சரி. அந்த ஒரு நிமிடத்தை மொபைலைப் பார்த்துத் திருத்திவிட்டுப் போய்விடுவோம். நோய் முதலில் தெரிவது நேரத்தில் அன்று, பேலன்ஸ் வீலின் வீச்சில். முழுச் சாவியோடு படுக்கை நிலையில் அது ஒரு பக்கத்துக்கு 270 முதல் 300 பாகை வரை வீசினால் நலம். உராய்வு கூடக் கூட 250, 220 என்று இறங்கும். 200க்குக் கீழே போனால் சின்ன அசைவுக்கும் நேரம் தடுமாறும். இதை அளக்க டைம்கிராஃபர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. வாட்ச்சை அதன் ஒலிவாங்கியில் மாட்டினால் ஒவ்வொரு டிக்கையும் கேட்டு வேகத்தையும் வீச்சையும் திரையில் காட்டிவிடும். முன்பு பெரிய சர்வீஸ் சென்டர்களில் மட்டும் இருந்த இது இப்போது தெருமுனைக் கடையிலும் இருக்கிறது. சர்வீஸுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை இதில் வைத்துக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு குறி: வாட்ச் திடீரென்று நாளைக்கு ஐந்து, பத்து நிமிடம் முந்த ஆரம்பித்தால், தேய்மானத்தைவிட ஹேர் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். காந்தம் ஏறியோ எண்ணெய் பட்டோ அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சுருளின் செயல்நீளம் குறைந்தால் வேகம் கூடும். ஸ்பீக்கர், மொபைல் கவரின் காந்தப் பூட்டு என்று காந்தத்துக்கு இன்று பஞ்சமில்லை. காந்தம் மட்டும்தான் என்றால் டீமேக்னடைசரில் வைத்து எடுத்தால் சில விநாடியில் தீர்ந்தது.

பைக்குக்கு என்றால் அடி நட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்துப் புதிதை ஊற்றிவிடலாம். வாட்ச்சில் எண்ணெய் மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். முதலில் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்தாமல் பேலட் கவையை எடுத்தால் சக்கரமெல்லாம் ஒரே வீச்சில் சுழன்று ஓயும், பல்லோ நுனியோ போகும். பிறகு பேலன்ஸ், பேலட், சக்கரங்கள், டப்பா என்று வரிசையாக. கழுவும் திரவத்தில் அலசி, வேறு திரவத்தில் இரண்டு முறை கழுவி, வெதுவெதுப்பில் காயவைப்பார்கள். அதற்குப் பின்னும் கல் துளைகளில் காய்ந்த எண்ணெய் ஒட்டியிருக்கும். கூராகச் சீவிய மரக்குச்சியைத் துளையில் விட்டுத் திருகி, அழுக்கான முனையைச் சீவி எறிந்துவிட்டு மறுபடி விட்டு, குச்சி வெள்ளையாகவே திரும்பி வரும் வரை செய்ய வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கிறவருக்குக் கொட்டாவி வரும். சர்வீஸின் தரம் அந்தக் குச்சியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பேலட் நகங்களை ஒட்டவைத்திருப்பது நம் ஊர் அரக்கு. காடுகளில் அரக்குப்பூச்சி மரக்கிளையில் கட்டும் அதே பொருள்தான், வாட்ச் தொழிலில் இன்றும் பசையாக இருக்கிறது. சூடு காட்டினால் இளகும், நகத்தை மயிரிழை நகர்த்திச் சரிசெய்யலாம், ஆறினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பேலட் கவையை மற்ற உறுப்புகளோடு சேர்த்து ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் நகம் கழன்று கிண்ணத்தின் அடியில் கிடக்கும்.

இவ்வளவும் ஒரு நாள் வேலை. அதனால்தான் குறுக்கு வழிகளும் பிறந்தன. வாட்ச்சின் உள் இயந்திரத்தை அப்படியே கழற்றாமல் பெட்ரோலில் முக்கி எடுத்து, உலர்த்தி, நாலு இடத்தில் எண்ணெய் வைத்து ‘சர்வீஸ்’ என்று தருவது அதில் ஒன்று. இப்படிச் செய்ததும் வாட்ச் சுறுசுறுப்பாக ஓடும், வாடிக்கையாளரும் மகிழ்ந்து போவார். மூடிக்கல்லுக்கு அடியில் இருந்த பழைய பிசுக்கு கரைந்து வேறிடத்துக்குப் போயிருக்கும், துகள் எதுவும் வெளியேறியிருக்காது, டப்பாவுக்குள் இருந்த கிரீஸ் மட்டும் கழுவிக்கொண்டு போயிருக்கும். இணையத்தில் பளபளவென்று புது டயலோடு வருகிற பழைய ஹெச்.எம்.டி.களை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தவர் உள்ளேயும் குச்சி விட்டுத் துடைத்திருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. கை சரியில்லாதவரிடம் சர்வீஸ் செய்வதைவிடச் செய்யாமல் வைத்திருப்பது மேல் என்றுகூடச் சொல்வேன். வளைந்த ஹேர் ஸ்பிரிங்கும் தலை நசுங்கிய திருகும் எண்ணெய் வற்றியதால் வருவதில்லை.

எண்ணெயை அடியோடு ஒழிக்கப் பார்த்தவர்களும் உண்டு. ஆங்கிலேய வாட்ச் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் 1970களில் கோ-ஆக்ஸியல் என்ற அமைப்பை உருவாக்கினார். பேலட் நகத்தின்மேல் பல் வழுக்கிக்கொண்டு போவதுதான் எண்ணெயை முதலில் கெடுக்கிறது. வழுக்காமல் தள்ளிவிட்டு விலகினால் அங்கே எண்ணெயை நம்பி இருக்க வேண்டியதில்லை என்பது அவர் யோசனை. ஸ்விஸ் கம்பெனிகள் பல ஆண்டுகள் கண்டுகொள்ளவில்லை. 1999இல் ஒமேகா அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2001இல் யூலிஸ் நார்டின் சிலிக்கானில் எஸ்கேப் வீல் செய்தது. இவையெல்லாம் சர்வீஸ் இடைவெளியை நீட்டின, சர்வீஸை நீக்கவில்லை. சக்கர அச்சுகள் இன்னும் எண்ணெயில்தான் சுழல்கின்றன. தன் வாட்ச்சுகளுக்கு ரோலெக்ஸ் இன்று சொல்லும் இடைவெளி சுமார் 10 ஆண்டு.

ஹெச்.எம்.டி.க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கேஸின் ரப்பர் வளையம் இறுகிப்போன, நம் ஊர் வியர்வையும் புழுதியும் உள்ளே போகிற பழைய வாட்ச். தினமும் கட்டினால் நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை திறப்பது நல்லது. பல வருஷம் பீரோவில் கிடந்தது என்றால், ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சுற்று சாவி கொடுங்கள், போதும். ஓடாமல் கிடந்தாலும் எண்ணெய்க்கு வயதாகும். சர்வீஸ் செய்த பிறகு கட்டிக்கொள்ளலாம். செலவு சில சமயம் வாட்ச் வாங்கிய விலையைத் தாண்டும். அன்றைய விலையோடு ஒப்பிட்டால் எதுதான் தாண்டாது?

அவசரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் ஓசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் வாட்ச்சுகள் வரத் தொடங்கியதும் சாவி கொடுக்கும் வாட்ச்சின் காலம் இறங்குமுகமானது. ஹெச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் ஒப்புதல் கொடுத்தது. புது உதிரி வராது. பேலன்ஸ் அச்சு தேய்ந்தாலோ மூன்றாம் சக்கரத்தின் நுனி போனாலோ, கடையில் மிச்சமிருக்கும் பழைய ஸ்டாக்கிலிருந்து எடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் இன்னொரு வாட்ச்சைக் கழற்ற வேண்டும். நல்லவேளையாகப் பல மாடல்களுக்குள் ஓடுவது ஒரே இயந்திரம், ஒன்றின் சக்கரம் மற்றதில் பொருந்தும். ஆனால் உதிரிக்காகக் கழற்றப்படுகிற அந்த இரண்டாவது வாட்ச்சும் பெரும்பாலும் எண்ணெய் வற்றி ஓடி ஓய்ந்ததாகத்தான் இருக்கும். அதன் மூன்றாம் சக்கரத்தையும் லென்ஸுக்கு அடியில் வைத்து, நுனியில் வரி விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்ட முடியும்.